பொட்டு வைத்த சுவிட்ச்!

"ஐயய்யோ... செத்துக் கிடக்கிறானே!"

அன்னம்மாவின் அலறலில் மில்லின் தகரக் கூரையே அதிர்ந்தது.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஷாமளாவின் கையிலிருந்து மாவு டப்பா நழுவி விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஓடினாள்.

"யாரு அத்தை? யாரு?"

"கறுப்பன்டி... நம்ம கறுப்பன்!"

ஷாமளா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

"ச்சே... பூனையா? நான் பயந்தே போயிட்டேன் லா!"

ஆமாம். பிணம்தான். ஆனால் நாலு கால் பிணம்!

மிளகாய் அரைக்கும் பெரிய மெஷினின் காலடியில் கறுப்பன் விறைத்துக் கிடந்தான். அன்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனியப் போனாள்.

"வேணாம் அத்தை! மெஷின் பக்கம் போகாதீங்க. பொட்டு வெச்சிருக்கு!"

"அட, ஆமால்ல..." அன்னம்மா சட்டென்று பின்வாங்கினாள்.

பூனைக்கு இத்தனை கலாட்டாவா என்று சிரிக்காதீர்கள். அந்தப் பூனை செத்ததால்தான் அன்றைக்கு ஒரு மனிதன் சாகாமல் இருந்தான்!

தங்கம் மசாலா மில்.

மலேசியாவின் அந்தச் சின்ன ஊர் போர்டில் பெஸ்தாரி ஜெயா என்று புதுப் பெயர் எழுதி வருஷக்கணக்காகிவிட்டது. ஜனங்கள் வாயில் இன்னும் பழைய பத்தாங் பெர்ஜுந்தாய்தான். கடைத்தெரு முடிந்து செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் மில். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து அம்பாங் பெச்சா வரை எந்த வீட்டில் கறி கொதித்தாலும் தங்கம் மசாலா வாசனைதான்.

முதலாளி தங்கராஜு. தோட்டத்து லயத்தில் பிறந்து, சொந்தக் கையால் மில் கட்டியவர். மனைவி அன்னம்மா. பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாத முதலாளிக்குச் சொந்தக்காரர்களுக்கா பஞ்சம்!

அக்கா மகன் கார்த்திகேசு. மீசை முளைக்கும் முன்பே மில்லுக்கு வந்தவன். மெஷின், லோரி, மூட்டை எல்லாம் அவன் தலையில். அதிகம் பேசமாட்டான். உள்ளுக்குள்ளேயே புகைவான். அவன் மனைவி ஷாமளாவுக்குப் பாக்கெட் போடும் பகுதி. அவள் வெளிப்படையாகவே புகைவாள்!

தம்பி மகன் பவனேஷ். வந்தது நேற்று மாதிரி இருக்கிறது. ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு லைவில் மசாலா விற்றான். வியாபாரம் கிடுகிடுவென்று ஏறியது. பெரியப்பா மனசிலும் அவன் கிடுகிடுவென்று ஏறிவிட்டான். அவன் மனைவி நித்தியாவுக்கு ஆபீஸ் ரூம். கண்ணாடிக் கதவு. ஏர்கான்.

அந்த ஏர்கான்தான் ஷாமளாவைச் சுட்டது!

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி கும்பிட்டு, அப்படியே விட்டுவிடுவார்கள். பொட்டு வைத்த மெஷினை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. தூசி தட்டக்கூட கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் பூஜை போட்டு, பெரிய மெஷினின் சுவிட்சை முதலாளி தன் கையால் போடுவார். அதற்கு 'முதல் கை' என்று பெயர். முதல் கை யாருடையதோ, மில் அவருடையது.

இத்தனை வருஷமும் அது தங்கராஜுவின் கை.

நேற்று ஆயுத பூஜை முடிந்ததும் அவர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எனக்கு உடம்பு முன்ன மாதிரி இல்ல. நாளைக்கு முதல் கை பவனேஷ் போடட்டும். இனிமே மில்லு அவன் பொறுப்பு."

கார்த்திகேசு கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்தான். 

ஷாமளா விடுவாளா?

"நல்லா இருக்கு மாமா! மூட்டை தூக்குறவருக்கு முதுகு வலி, ஃபோனைத் தூக்குறவருக்கு மில்லா?"

"ஷாமளா... சும்மா இரு," என்றான் கார்த்திகேசு.

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் சும்மாவே இருந்து இப்படி ஆயிட்டீங்க!"

அது நேற்று. இன்றைக்கு விஜயதசமி. இதோ பூனை.

டொயோட்டா ஒன்று மில் வாசலில் வந்து நின்றது.

இறங்கியவள் ரூபினி. அன்னம்மாவின் தங்கை மகள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. பார்த்தால் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருப்பாள். கோலா சிலாங்கூரில் போலீஸ் இன்ஸ்பெக்டர்!

"பெரியம்மா, சர்க்கரைப் பொங்கல் ரெடியா? லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"பொங்கலா? நல்ல நாள் அதுவுமா கறுப்பன் செத்துட்டான்மா. சகுனமே சரியில்ல."

"சாக்கு ஒண்ணு குடுங்க. நான் எடுத்துப் பின்னால புதைச்சுட்டு வர்றேன். போலீஸ்காரிக்குப் பிணம் புதுசா என்ன?"

ரூபினி குனிந்தாள். பூனையின் முன்னங்காலைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து மெஷினின் சுவிட்ச் பெட்டியைப் பார்த்தாள். பழைய காலத்து இரும்புப் பெட்டி. நெற்றியில் பொட்டோடு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது.

ரூபினியின் சிரிப்பு காணாமல் போனது.

"என்னம்மா ஆச்சு கறுப்பனுக்கு?"

"எலி மருந்து தின்னிருப்பான், பெரியம்மா," என்றாள் சத்தமாக. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

பூனையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவள், பாக்கெட் போடும் பகுதியைத் தாண்டும்போது நின்றாள். உள்ளே சண்டை!

"ஷாமளா அக்கா, அந்தக் குத்துவிளக்கைக் கொஞ்சம் தொடைச்சிடுறீங்களா? எனக்கு மிளகாத்தூள் ஒத்துக்காது."

"ஏன்மா நித்தியா, எனக்கு மட்டும் ஒத்துக்குதா? நான் என்ன மிளகாச் செடியிலயா பொறந்தேன்?"

"நான் சும்மாதான்க்கா கேட்டேன்..."

"எல்லாரும் சும்மாதான் கேக்குறீங்க! விளக்கு தொடைக்கவும் நான். பாக்கெட் ஒட்டுற மெஷின் கெட்டுப்போனா வயரைப் பிரிச்சு ரிப்பேர் பண்ணவும் நான். கண்ணாடி ரூம்ல குளுகுளுன்னு உக்கார மட்டும் நீ!"

"பெரியப்பா குடுத்த ரூம்க்கா அது. வேணும்னா அவர்கிட்ட கேளுங்க."

"கேட்டு வாங்குற புத்தி எங்களுக்கு இல்லம்மா!"

ரூபினி தலையை ஆட்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தால் மிளகாய் அரைக்க மெஷின் எதற்கு?

லோரியின் நிழலில் கார்த்திகேசு தனியாக நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. தூங்கியிருக்கமாட்டான்.

"என்ன கார்த்தி அண்ணே, பூஜைக்கு வரல?"

"வர்றேன்மா. கை தட்ட ஆள் வேணும்ல?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சற்று நேரத்தில் ரூபினி தங்கராஜுவை மில்லின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"பெரியப்பா... சத்தம் போடாம கேளுங்க. கறுப்பன் எலி மருந்து தின்னு சாகல."

"பின்ன?"

"கால் கருகியிருக்கு. மீசை பொசுங்கியிருக்கு. கரண்டு அடிச்சிருக்கு! உங்க மில் டெஸ்டருக்கும் பொட்டு வெச்சுட்டீங்க. அதனால வாசல்ல நிக்கிற என் காடியில இருந்த டெஸ்டரை எடுத்துட்டு வந்து சுவிட்ச் பெட்டியில வெச்சுப் பார்த்தேன். பளிச்சுன்னு எரியுது!"

"பழைய மெஷின்மா... லீக் ஆயிருக்கும்."

"பெட்டிக்குப் பின்னால புது வயர் ஒண்ணு ஓடுது. ஒட்டின டேப்புல தூசி கூட படியல. இது லீக் இல்ல, பெரியப்பா. கொலை! அந்தப் பெட்டியில மொதல்ல கை வைக்கிற ஆள் அந்த இடத்துலயே காலி."

தங்கராஜு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல கை வைக்கப் போறது... பவனேஷ்!"

"ஆமா. நேத்து நீங்க பேரைச் சொன்னதைப் பெரியம்மா சொன்னாங்க. உடனே யாரோ வேலையைக் காட்டிட்டாங்க. பொட்டு வெச்ச பிறகு நடுவுல யாரும் தொடமாட்டாங்கன்னு நல்லாத் தெரிஞ்ச ஆள். வெளி ஆளுக்கு இந்த வழக்கம் எங்க தெரியும்?"

"அப்போ..."

"வீட்டு ஆளுதான். கணக்கெல்லாம் சரியாப் போட்டாங்க. பாவம், கறுப்பனுக்கு ஆயுத பூஜை தெரியாதுங்கிறதை மறந்துட்டாங்க!"

தங்கராஜு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நேத்து கடைசியா மில்லைப் பூட்டினது யாரு?" என்றாள் ரூபினி.

"கார்த்திகேசு. சாவி எப்பவும் அவன்கிட்டதான்."

"மெஷின் வேலை தெரிஞ்சவரு?"

"அவன்தான்..."

"பவனேஷ் மேல வயித்தெரிச்சல் உள்ளவரு?"

தங்கராஜு நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"அவனைத் தோள்ல தூக்கி வளர்த்தேன்மா. அக்கா சாகும்போது என் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு. அவனா?"

"அவராத்தான் இருக்கும். ஆனா நிரூபிக்கணுமே! மெஷின் பூரா எல்லார் கைரேகையும் இருக்கும். அதனால நான் சொல்றதைச் செய்யுங்க. அந்த மெஷினுக்குப் போற கரண்டை மட்டும் மெயின் போர்டுல கட் பண்ணிட்டேன். லைட்டு, ஃபேன் எல்லாம் ஓடும். யாருக்கும் சந்தேகம் வராது. பூஜையில பவனேஷுக்கு பதிலா கார்த்தி அண்ணனைக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"வயர் வெச்ச கை அந்தப் பெட்டியைத் தொடாது, பெரியப்பா. ஆசைப்பட்ட முதல் கை தேடி வந்தும் ஒருத்தர் வேணாம்னு சாக்குச் சொன்னா... என்ன அர்த்தம்?"

தங்கராஜு மெல்லத் தலையசைத்தார். 

பூஜை.

தேங்காய் உடைந்தது. ஊதுபத்தி புகைந்தது. ஷாமளாவின் கையில் கற்பூரத் தட்டு. பவனேஷ் புது வேஷ்டியில் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு ஃபோனை உயர்த்தினான்.

"ஹாய் மக்களே! இன்னிக்கு ரொம்ப ஸ்பெஷல். உங்க தங்கம் மசாலாவோட புது பொஸ்..."

"ஃபோனைக் கீழ வைடா!" என்றார் தங்கராஜு.

பவனேஷ் திகைத்தான். பெரியப்பா அவனை அதட்டியதே இல்லை.

"எல்லாரும் கேளுங்க. நேத்து ஒண்ணு சொன்னேன். ராத்திரி பூரா யோசிச்சேன். மனசை மாத்திக்கிட்டேன்."

 நித்தியாவின் முகம் சுருங்கியது.

"கார்த்திகேசு! இந்த வருஷம் முதல் கை நீ போடுடா!"

ரூபினியின் பார்வை கார்த்திகேசுவின் மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது.

சொல்லு... கை வலி என்று சொல்லு... பவனேஷே போடட்டும் என்று சொல்லு...

கார்த்திகேசு அசையவில்லை.

"என்ன... என்னையா மாமா?"

"உன்னைத்தான்."

"மாமா..."

அவ்வளவுதான் அவனுக்குப் பேச வந்தது. அந்த முரட்டு ஆள் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான். வாளியில் கையைக் கழுவினான். வேஷ்டியில் துடைத்தான். போதாது என்று திரும்பவும் கழுவினான். தங்கராஜுவின் காலில் விழுந்து எழுந்தான்.

மெஷினை நோக்கி நடந்தான்!

ரூபினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இவன் போடப் போகிறான்! சாக்குச் சொல்லவில்லை... தயங்கவில்லை... சந்தோஷமாகப் போகிறான்! அப்படியானால் இவனுக்கு எதுவுமே தெரியாது!

பிறகு யார்?

சட்டென்று திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பவனேஷ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றான். நித்தியா அவன் காதில் ஏதோ கடுகடுத்தாள். அன்னம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

கார்த்திகேசுவின் வலது கை உயர்ந்தது. பொட்டு வைத்த பெட்டிக்கு ஒரு ஜாண் தூரம்... அரை ஜாண்...

தடதடதட...

என்ன சத்தம் அது?

கற்பூரத் தட்டு! ஷாமளாவின் கையில் அது நடுங்கிக்கொண்டிருந்தது!

"தொடாதீங்க!"

தட்டு பறந்தது. கற்பூரம் தரையில் உருண்டது. ஷாமளா பாய்ந்து போய்க் கணவனை இடுப்போடு பிடித்துத் தள்ளினாள். இருவரும் மிளகாய் மூட்டை மேல் விழுந்தார்கள்.

"கை வெக்காதீங்க! செத்துருவீங்க! கரண்டு இருக்கு! கரண்டு..."

ஷாமளா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.



ரூபினி நிதானமாக நடந்து போனாள். சுவிட்ச் பெட்டி மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"வேணாம்!" என்று நித்தியா வீறிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

"கரண்டை எப்பவோ கட் பண்ணிட்டேன். ஆனா இருந்துச்சு. அது கறுப்பனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியும்." ரூபினி குனிந்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

ஷாமளா கணவனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஆகிவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஷாமளா..." கார்த்திகேசு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீயா?"

"நான்தான்! என்ன இப்ப?" வெடித்துவிட்டாள். "சுண்டல் சட்டியை மறந்துட்டேன்னு சொல்லி உங்ககிட்ட சாவி வாங்கிட்டு வந்தேனே, அப்பதான் செஞ்சேன்! கல்யாணத்துக்கு முன்னால ரவாங் ஃபேக்டரியில நான் பண்ணின வேலையே வயர் மாட்டுறதுதான். இந்த வீட்டுல யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"அடிப்பாவி... என் பிள்ளையைக் கொல்லப் பாத்தியே!" அன்னம்மா பவனேஷைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? 'என் பிள்ளை'! இவர் யாரு அத்தை, தெருவுல போறவரா? மிளகா எரிச்சல்ல சோறு பிசைய முடியாம, எத்தனை நாள் நான் ஊட்டி விட்டிருக்கேன் தெரியுமா? அந்தக் கைக்கு முதல் கை கிடையாது. நேத்து வந்தவனுக்கு மில்லு, அவளுக்கு ஏர்கான் ரூமு! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவ புருஷன் போயிட்டா என் புருஷனுக்குக் குடுப்பீங்கன்னு நெனச்சேன். இவரைக் கூப்பிடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நித்தியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

ரூபினி ஃபோனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினாள்.

கார்த்திகேசு மெல்ல எழுந்தான். மனைவியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். கடைசியில் தங்கராஜுவைப் பார்த்தான்.

"மாமா... கரண்டு இருந்தது உங்களுக்கும் தெரியுமா?"

தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ என்னைக் கூப்பிட்டது... நான்தான் செஞ்சிருப்பேன்னு நெனச்சா?"

"கார்த்திகேசு... நான்..."

"நான் நெசம்னு நெனச்சுட்டேன் மாமா."

அவன் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தங்கராஜு தாங்கியிருப்பார்.

"இப்ப நெசமாவே சொல்றேன்டா! நீயே போடு. மில்லு உனக்குத்தான். எனக்குப் புத்தி வந்துருச்சு."

"ஆமா அத்தான், நீங்களே போடுங்க!" பவனேஷின் பல் கிடுகிடுத்தது. "எனக்கு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு ஸ்டால் போதும். இந்த மெஷின் பக்கமே நான் வரல, சாமி!"

கார்த்திகேசு ஈரக்கையை வேஷ்டியில் துடைத்தான். அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

"மெஷின் இன்னிக்குச் சும்மா கெடக்கட்டும் மாமா. நான் போய் ஒரு லாயரைப் பாக்கணும். என்ன இருந்தாலும் என் பொண்டாட்டி. அவ கத்தினது என்னைக் காப்பாத்தத்தானே."

ஷாமளா முதன்முறையாக அழுதாள்.

போலீஸ் கார் வந்து நின்றபோது மில் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. பெண் போலீஸ் ஒருத்தி கதவைத் திறந்து பிடித்தாள். ஏறப் போன ஷாமளா நின்றாள். திரும்பி மில்லைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரூபினி... போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

ரூபினியின் மனசு இளகியது. பாவம், புருஷனைப் பற்றிக் கேட்கப் போகிறாள்.

"கேளுங்கக்கா."

ஷாமளா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் போன பிறகு சுவிட்சை யாரு போடுவா? அவ புருஷனா?"

ரூபினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா தாயே... ஏறுங்கக்கா! இதுலயும் ஏர்கான் இருக்கு!"